பின்கோடு பூட்டு ஆகாது

1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின், அங்கே வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கிக் கட்டிய தனி வீடுகள் பல, பிள்ளைகள் தலையெடுத்த காலத்தில் மாடியும் மாடிமேல் மாடியுமாக வளர்ந்து, இன்று கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர், உள்ளறையில் மடிக்கணினியோடு அலுவலக வேலை பார்க்கும் மகள், கூடத்தில் ஸ்மார்ட் டிவி, வாசலில் சிசிடிவி கேமரா என்று பலதரப்பட்ட பிரஜைகள் ஒரே ஃபைபர் இணைப்பை நம்பி வாழும் சிறு ராஜ்யங்களாகிவிட்டன. அந்த ஒரே வலையைக் கம்பி மாற்றாமலே பல வலைகளாகப் பிரித்து ஆளும் உபாயத்துக்கு வீலான் என்று பெயர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடைக்காரர் முதல் பூந்தமல்லியில் கேமரா மாட்ட வரும் இளைஞர் வரை அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பேச்சு பெருகுமிடத்தில் பிரமையும் பெருகுவது இயல்பாதலால், அவற்றுள் ஆறினை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: வீலான் என்பது பெரிய கம்பெனிகளின் விவகாரம்.

உண்மை: பிறப்பால் அப்படித்தான். 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் சின்காஸ்கி என்பவர், ஈதர்நெட் வலையை மிகப் பெரிதாக வளர்ப்பது எவ்வாறு என்று ஆராய்ந்த சமயத்தில் உதித்த எண்ணம் அது; 1998இல் 802.1கியூ என்ற பொதுவிதியாயிற்று. ஆனால் 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை எவரும் மாற்றாத கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, அவற்றையே படையாகத் திரட்டிப் புகழ்பெற்ற இணையதளங்கள் பலவற்றைச் சில மணி நேரம் முடக்கிய பிறகு, வாசல் கேமராவும் மகளின் அலுவலக மடிக்கணினியும் ஒரே கூரையின் கீழ் தடையின்றிப் பழகலாமா என்ற கேள்வி சாதாரணக் குடும்பத்துக்கும் உரியதாகிவிட்டது.

நம்பிக்கை 2: வைஃபைக்கு இரண்டு பெயர் வைத்தால் வலை இரண்டாகிவிடும்.

உண்மை: பெயர் இரண்டானால் ஆள் இருவராவதில்லை. ரவுட்டரில் 2.4, 5 என்று முடியும் இரு பெயர்களும் பெரும்பாலும் ஒரே கூடத்துக்குத் திறக்கும் இரு கதவுகளே. கேமராக்களுக்கு வேறு வரிசை ஐபி எண்களைக் கையால் கொடுத்துவிட்டு, பிரித்துவிட்டதாக எண்ணுவதும் அதே ஜாதி மயக்கம். கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஒரே சுவிட்சில் இருக்கும் வரை, எண்ணை மாற்றிக்கொள்ளத் தெரிந்த எவரும் அந்தப் பக்கம் போய்விடலாம். விருந்தினர் வைஃபை பல ரவுட்டர்களில் உண்மையாகவே பிரிக்கிறது. எனினும் கம்பியில் தொங்கும் கேமராவையும் அதன் பதிவுப் பெட்டியையும் அது தொடுவதில்லை.

நம்பிக்கை 3: எந்த சுவிட்ச் இருந்தாலும் போதும்.

உண்மை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண சுவிட்ச் வீலானை அறியாது. இங்கே நமக்கு நன்கு பழகிய ஓர் உவமை உதவும். 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமான பின்கோடு, அம்பத்தூருக்கு 600053, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056 என்று எண் தந்து, ஒரே பையில் வரும் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்க வழி செய்தது. அதுபோல ஒவ்வொரு தரவுப் பொதியின் தலைப்பிலும் 4 பைட் அளவில் ஒரு டேக் ஒட்டி, அதில் வீலான் எண்ணை எழுதுவதே 802.1கியூ செய்யும் காரியம். அதைப் படிக்கத் தெரிந்த தபால் ஊழியர்தான் 'மேனேஜ்டு' சுவிட்ச். ரவுட்டரிலிருந்து அதற்கு வரும் கேபிள், எல்லா எண்களையும் சுமக்கும் 'டிரங்க்' போர்ட்டில் சேரும். கேமராவுக்கு ஒரே எண்ணுக்குரிய 'ஆக்ஸஸ்' போர்ட் போதும். உள்ளே வரும்போது எண்ணை ஒட்டுவதும், வெளியே விடும்போது அதைக் கிழிப்பதும் சுவிட்சே. கேமராவுக்குத் தன் எண் என்னவென்று ஒருநாளும் தெரியாது. ரவுட்டருக்கும் வைஃபை பெட்டிக்கும் இந்த எழுத்தறிவு வேண்டும். இணைப்போடு தரப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் அது இராது என்பதை வாங்குமுன் விசாரிப்பது விவேகம்.

நம்பிக்கை 4: வீலான் பிரித்தாயிற்று, இனிப் பயமில்லை.

உண்மை: ஆறு பிரமைகளுள் அபாயகரமானது இதுவே. பின்கோடு எழுதிய உறையை யாரும் பிரித்துப் படிக்கலாம் அல்லவா? டேக் ஒட்டுவதும் அவ்வாறே. அது மறைகுறியாக்கம் அன்று, பூட்டும் அன்று. அதைவிட முக்கியம், வலைக்கும் வலைக்கும் இடையே கடிதம் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ரவுட்டர், 'சேர்க்காதே' என்று நாம் சொல்லாதவரை, பல மாடல்களில், கேமரா வலையின் கடிதத்தை அலுவலக வலைக்கு விசுவாசமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஆகவே எண் கொடுப்பது பாதி வேலை; ரவுட்டரின் காவலாளியான ஃபயர்வாலில் விதி எழுதுவது மறுபாதி. அந்த விதியின் சாரம், பேச்சை முதலில் தொடங்கும் உரிமை யாருக்கு என்பதே: மடிக்கணினி கேமராவைக் கூப்பிடலாம், கேமரா பதில் சொல்லலாம், ஆனால் கேமரா தானாக மடிக்கணினியைக் கூப்பிடலாகாது, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் தொடலாகாது. இவ்வளவும் செய்த பின்னரும், ஒரே வீலானுக்குள் இருக்கும் இரு கேமராக்கள் தமக்குள் பேசிக்கொள்வதைப் பொதுவாக இவ்விதிகள் தடுக்கமாட்டா.

நம்பிக்கை 5: வீலான் போட்டால் இணையம் வேகமாகும்.

உண்மை: எல்லோருக்கும் கேட்கும்படி சாதனங்கள் போடும் கூப்பாடு, நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள இடத்தில் பாரமாகும்; ஆனால் இருபது சாதனங்கள் உள்ள வீட்டில் அதைப் பிரிப்பதால் வேகம் கூடியதாக உணர முடியாது. ஒரு வீலானிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் தரவு, பக்கத்துப் போர்ட்டுக்கே ஆனாலும், ரவுட்டர் வரை ஏறி அதே கேபிளில் இறங்கவேண்டியிருப்பதால் சிறிது தாமதமும் நேரலாம்.

நம்பிக்கை 6: எவ்வளவு பிரிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: வீலான் எண்ணுக்கு 12 பிட் இடம் உண்டு; ஒதுக்கிய இரண்டு போக 4094 எண்கள் கிடைக்கும். இடமிருக்கிறதே என்று மாடிக்கு மாடி, அறைக்கு அறை பிரித்தால், கைபேசியிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்ப முயலும்போது டிவியே கண்ணில் படாது. ஏனெனில் சாதனங்கள் ஒன்றையொன்று தேடும் அழைப்பு வீலான் எல்லையைத் தாண்டுவதில்லை. குடும்பத்துக்கு ஒன்று, கேமரா முதலிய பொருள்களுக்கு ஒன்று, குடித்தனக்காரருக்கு ஒன்று என மூன்று பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

தொடங்குமுன் பழைய அமைப்பை ஒரு பிரதி எடுத்து, நிர்வாகத்துக்கென்று ஒரு போர்ட்டைத் தொடாமல் விட்டுவையுங்கள். இல்லையேல் தன் வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தியவர் கதியாகும். எல்லாம் முடிந்தபின், கேமராவின் கேபிளைக் கழற்றி அந்தப் போர்ட்டில் ஒரு மடிக்கணினியைச் செருகி, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் வீட்டிலுள்ள மற்றொரு கணினியையும் திறக்க முயன்று பாருங்கள். திறந்தால், நீங்கள் இதுவரை செய்தது உறையின்மேல் 600053 என்று அழகாக எழுதியது மட்டுமே.