விடையை முதலில் எழுது

சிதம்பரம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். கடலூரில் உன் புது வேலையைப் பற்றி அப்பா சொன்னான். வெள்ள நிவாரண விதிகளை மென்பொருளில் அட்டவணையாக்கி, மாதிரி விண்ணப்பங்களை ஓட்டிப் பார்த்தாயாம். அத்தனையும் பச்சை காட்டியதாம். சந்தோஷம். ஆனால் அந்த மாதிரிகளை எழுதியது யார்? விதியை எழுதிய நீயேதான் என்றால், உனக்குத் தோன்றாதது அவற்றிலும் இருக்காது.

ஃபெஞ்சல் புயலையே எடுத்துக்கொள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு தென்பெண்ணை பெருகிக் கடலூரைச் சூழ்ந்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் முதலிய பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500 என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூன்றே வரிகள். சிக்கலெல்லாம் வயலில்தான் இருக்கிறது.

சேதம் 32.6 என்று வந்தால் உன் மென்பொருள் அதை 33 ஆக்குமா, தள்ளிவிடுமா? 32, 32.6, 33, 34 நான்குக்கும் தனித்தனி மாதிரி எழுது. அடங்கலில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். விவசாயி காணி என்பார். விண்ணப்பத்தில் ஏக்கர் என்று எழுதியிருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கு நடுவே ஊடுபயிர் போட்டிருந்தால் ஒரே நிலத்துக்கு இரண்டு வரிகள் பொருந்தும். அப்போது எது செல்லும்? கூட்டுப் பட்டாவில் மூன்று பங்காளிகள் இருந்தால், பேரிடர் நிவாரண விதிமுறையின் 2 ஹெக்டேர் உச்சவரம்பு பட்டாவுக்கா, ஆளுக்கா? கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் பெயரில் பட்டாவே இருக்காது. அவருக்கு மென்பொருள் சொல்ல வேண்டியது 'இல்லை' அல்ல, 'அலுவலர் பார்க்கட்டும்' என்பதே.

எனக்கு மிகவும் கவலை தருவது காலிக் கட்டம். சேத சதவீதம் நிரப்பாமல் வந்த விண்ணப்பத்தை மென்பொருள் பூஜ்யம் என்று படித்தால், கணக்கெடுப்பே நடக்காத வயலுக்குச் சேதமே இல்லை என்று ஆகிவிடும். அந்தக் குடும்பத்துக்கு அது தெரியவும் தெரியாது. இந்த ஒரு மாதிரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதே.

ஒவ்வொரு மாதிரிக்கும் வர வேண்டிய விடையையும், எந்த விதியின்படி என்பதையும் ஓட்டுவதற்கு முன்பே எழுதி வை. ஓட்டியபின் எழுதினால், திரையில் வந்த விடைக்கு மனம் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும்.

பழைய மாதிரிகளையும் அழிக்காதே. 2015-ல் மத்திய அரசு சேத வரம்பை 50 சதவீதத்திலிருந்து 33 ஆகக் குறைத்தது. அன்றுவரை 40 சதவீதச் சேதத்துக்கு ஒன்றும் கிடையாது, பிறகு உண்டு. 20 சதவீதத்துக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. விதி மாறும்போது எந்த விடை மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று இரண்டையும் பார். ஒரு வரியைத்தான் தொட்டாய் என்றாலும் முழுப் பட்டியலையும் மறுபடி ஓட்டு.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. காட்டுமன்னார்கோவிலில் குத்தகைக்கு உழும் நாலு பேரிடமும், ஒரு கிராம நிர்வாக அலுவலரிடமும் உட்கார்ந்து பேசலாம். எது விட்டுப்போயிற்று என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா