தொங்கினால்தான் அது யானைக்காது

காஞ்சிபுரம்,
ஆனி கடைசி வாரம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உத்திரமேரூரில் கட்டிய புது வீட்டின் முன்பக்கம் அழகாக இருக்கட்டும் என்று நர்சரியில் முந்நூறு ரூபாய் கொடுத்து ‘யானைக்காது’ வாங்கி வைத்தாயாம். பதினைந்தே நாளில் இலையின் ஓரமெல்லாம் கருகிவிட்டதாம். “வெளிநாட்டுச் செடி, நம் ஊருக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது ஐயா” என்று முடித்திருக்கிறாய். செடி கருகியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கடைசி வரிதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

முதலில் உன் செடியின் இலை எப்படி நிற்கிறது என்று பார். நுனி வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் அது அலோகேசியா. மண்ணைப் பார்த்துத் தொங்கினால் கொலகேசியா. புத்தகத்தில் சேம்பு, உன் பாட்டி வாயில் சேமக்கிழங்கு. சேம்பின் காம்பு இலையின் விளிம்பில் சேராது. சற்று உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பு போல அடிப்பக்கத்தில் சேரும். அதனால்தான் இலை தொங்குகிறது, காற்றடித்தால் முன்னும் பின்னும் வீசுகிறது. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். விற்கட்டும். எந்த யானைக்கப்பா காது வானத்தைப் பார்த்து நிற்கிறது? நிமிர்ந்த காது முயலுக்கு!

இதை நான் சொல்லவில்லை. குறுந்தொகை 76-ஆம் பாட்டில் கிள்ளிமங்கலங்கிழார் சொல்லிவிட்டார். மலைச்சரிவில் வளர்ந்த சேம்பின் அகன்ற இலை, பெரிய களிற்றின் செவி போல வாடைக் காற்றில் அசைகிறது. அந்தக் கடும்பனிக் காலத்தில் தலைவர் பிரிந்து போகப் போகிறாராமே என்று தலைவி நடுங்குகிறாள். உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட பதிப்பை நான் கல்லூரி நாளில் நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தபோது உவமையை மட்டும் ரசித்துவிட்டுப் போய்விட்டேன். கொல்லையில் சேம்பு நட்ட பிறகுதான் அது ஒரு சாகுபடிக் குறிப்பும்கூட என்று புரிந்தது. சிரிக்காதே. இடம் எது? மலைச்சரிவு: ஈரம் ஓயாது, வெயில் நாள் முழுக்க விழாது. பருவம் எது? முன்பனி, அதாவது மார்கழியும் தையும். இலை களிற்றுச் செவியளவு விரிவது மழை குடித்து முடித்த அந்த நாட்களில்தான். நீயோ மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம், சிமென்ட் தரைக்கு நடுவில் வைத்தாய். செடியை ஏன் குறை சொல்கிறாய்?

வாங்கியதைத் தூக்கி எறியாதே. வடக்குப் பக்க நிழலுக்கு மாற்று. அலோகேசியாவுக்கு ஈரம் வேண்டும், தேங்கிய நீர் ஆகாது. சேம்பு அப்படியில்லை, கால் நனைந்தே நிற்கும். ஆகவே வீட்டுத் தண்ணீர் எங்கே ஓடி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, சேம்பை அங்கே வை. குழாயடியோ குளியலறை நீர் போகும் வாய்க்காலோ போதும். சோப்பு நுரை மட்டும் நேராக விழக்கூடாது. ஆடியில், சந்தையில் வாங்கிய முளைவிட்ட கிழங்கையே முளை மேலே இருக்கும்படி நான்கு விரல் ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாக நடு. மக்கிய சாணம் போட்டு, மேலே வைக்கோலோ வேர்க்கடலைத் தோலோ பரப்பு. முந்நூறு ரூபாய் தேவையே இல்லை.

ஐப்பசி அடைமழையில் இலையில் வட்ட வட்டமாக நீர் கோத்த புள்ளி வரும். அது இலைக்கருகல். மருந்து தெளித்தால் உருண்டு ஓடிவிடும். நாம் தாமரை இலைத் தண்ணீர் என்பதை மலையாளத்தில் சேம்பிலைத் தண்ணீர் என்பார்கள். ஆகவே புள்ளி விழுந்த இலையை அறுத்து எரித்துவிடு. கோடையில் இலை வாடி மண்ணோடு போனால் செடி செத்துவிட்டதென்று தோண்டாதே. ஒரு சித்திரையில் நானே அப்படித் தோண்டி, உயிருள்ள கிழங்கை மண்வெட்டியால் இரண்டாக்கியிருக்கிறேன்.

விஷச்செடியா என்றும் கேட்டிருக்கிறாய். இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைகளை அண்டவிடாதே, அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள். சேமக்கிழங்கு நன்றாக வெந்தால் அரிப்பு அடங்கிவிடும். அதற்காக அலோகேசியாவைப் பிடுங்கிக் குழம்பு வைத்துவிடாதே! காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், தோப்பு உழவர்கள் பாணருக்குப் பலவகை இனிப்பைக் கொடுத்து, அது திகட்டினால் சேம்பின் முதிர்ந்த கிழங்கைத் தருகிறார்கள். உன் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத காஞ்சிக்குப் போகிற வழியில் விருந்தாக வைத்த கிழங்கு, உனக்கு வெளிநாட்டுச் செடியா?

உன் ஊர் என்றதும் இன்னொன்று. ஓலைச்சீட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றிருப்பதைக் கவனித்தாயா? ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அத்தனை பேரைத் தேர்ந்தெடுத்த ஊர் உன்னுடையது. அந்த ஏரிக்காக ஒரு வேண்டுகோள்: மிஞ்சிய சேம்புக் கிழங்கை வரத்துக் கால்வாயில் கொட்டாதே. தண்ணீர் கண்ட இடமெல்லாம் பரவி அடைத்துக்கொள்ளும்.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கிறது. கிழங்கு வாங்கி வை. மார்கழியில் ஒரு விடியற்காலை குறுந்தொகையோடு அந்தச் செடியருகில் போய் நின்று, இலை ஆடுவதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தமிழாசிரியன்