உருக்காலைத் தூசியும் துத்தநாக உரமும்

பெரம்பலூர் ஜில்லா பூலாம்பாடிப் பக்கத்துப் புன்செய்களில் மக்காச்சோள இளம்பயிரின் இலைகளில் நடுநரம்பின் இருமருங்கும் வெண்பட்டைகள் தோன்றின், அது துத்தநாகக் குறைவின் அறிகுறி என்று குடியானவர்கள் அறிதல் வேண்டும். அதற்குப் பரிகாரம் ஜிங்க் சல்பேட் உரமாகும்.

இவ்வுரத்திற்கு வேண்டிய துத்தநாகம் உருக்காலைக் கழிவிலிருந்தும் கிடைக்கும். துத்தநாக முலாமிட்ட பழந்தகரங்களை மின்சார உலையில் உருக்குங்கால், முலாம் ஆவியாகிப் புகையோடு சென்று தூசியாகப் படிகிறது. அத்தூசியைக் கரியுடன் கலந்து, சுழலும் சூளையில் சுமார் 1,200 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் காய்ச்சுவர். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிப்பதாதலின், ஆவியாகப் பிரிந்து, காற்றில் எரிந்து, பொடியாகத் துணிப்பைகளில் பிடிபடுகிறது. இரும்பு சூளையிலேயே தங்கிவிடும்.

ஆயின் ஈயமும் காட்மியமும் அப்பொடியுடன் கூடவே வரும். அவற்றை நீக்கிய பின்னரே உரம் செய்தல் தகும். ஆதலின், மலிவென்று கருதி உலைத்தூசியை நேரே நிலத்திலிடுதல் பெருந்தவறு. அவை மண்ணில் சேர்ந்தபின் அகற்றுதல் அரிது. காட்மியம் தானியத்திலும் ஏறும்.

1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் துத்தநாகம் 21 சதவிகிதத்திற்குக் குறையலாகாது, ஈயம் 0.003, காட்மியம் 0.0025 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது.

குறைவு கண்ட நிலத்திற்குப் பொதுவாக ஏக்கராவுக்கு 10 கிலோ உரத்தை மணலுடன் கலந்து, விதைப்புக்கு முன் தூவுக. சூப்பர் பாஸ்பேட்டுடன் கலத்தலாகாது. மூட்டைச் சீட்டும் ரசீதுமின்றி வாங்கலாகாதென்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.