கட்டிலோடு கட்ட யாருக்கும் உரிமை இல்லை

கேள்வி: 78 வயது அம்மா கட்டண முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் பேச விடுகிறார்கள். இரவில் கையைக் கட்டிலோடு கட்டுவதாக அழுகிறார். கேட்டால், 'விழுந்துவிடுவார்' என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இன்றே போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். மணிக்கட்டைப் பாருங்கள். கட்டிய தடம் இருந்தால் படம் எடுத்து, அரசு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். விழுவார் என்ற பயம் நியாயம்தான். அதற்கு வழி தாழ்வான கட்டில், இரவு விளக்கு, கூப்பிட்டால் ஓடிவர ஒரு ஆள். ஆள் பற்றாக்குறையைக் கயிற்றால் ஈடுகட்டுவது கொடுமை. போன் அம்மாவின் பொருள். பறிக்க இல்லத்துக்கு என்ன உரிமை?

14567 என்ற, முதியோருக்கான இலவச எல்டர் லைன் உதவி எண்ணில் காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதியோரின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கும் பொறுப்பை அது மாநில அரசின் மேல் வைக்கிறது. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். காயம் இருந்தால் நேரே காவல் நிலையம். கட்டணம் வாங்கும் இல்லம் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்; ரசீதுகளையும் சேர்க்கை ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, ஊழியர்கள் இல்லாத இடத்தில் அம்மாவிடம் பேசுங்கள். இல்லம் மாறுவதா, இங்கேயே இருப்பதா என்பதை அவர் சொல்லட்டும். இருக்கிறேன் என்றால், புகாருக்குப் பிறகு வேறு வேறு நேரத்தில் அடிக்கடி போய் வாருங்கள்.