உயிர்காப்பாளர் இல்லாத குளம்: அசோசியேஷன் எதைத் தேர்ந்தெடுப்பது?

சென்னைப் புறநகரின் பெரிய அபார்ட்மென்ட் வளாகங்கள் பலவற்றில் நீச்சல்குளம் இருக்கிறது. காலை முதல் இரவு வரை உயிர்காப்பாளர் வைத்தால் மெயின்டனன்ஸ் கூடும் என்பதால் பொதுக்குழுவில் பலர் தயங்குகிறார்கள். உங்கள் உள்ளாட்சியின் விதி அவரைக் கட்டாயமாக்கியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

‘அவரவர் பொறுப்பில் நீந்தவும்’ என்று பலகை மாட்டிவிட்டு நாள் முழுக்கத் திறந்து வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. மூன்று வயதுக் குழந்தைக்குப் பலகை படிக்கத் தெரியாது.

கேமரா போதும் என்பார்கள் சிலர். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே வாய் நீருக்கு மேல் வராதபோது குரல் எங்கிருந்து வரும்? கையைத் தூக்கி அழைக்கவும் முடியாது. தத்தளிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். கேட்டருகே திரையைப் பார்க்கும் செக்யூரிட்டிக்கு அது விளையாட்டாகத்தான் தெரியும். அவருக்கு நீச்சல் தெரியாவிட்டால், குதித்தால் அவர் உயிருக்கும் ஆபத்து.

பெற்றோர் முறைவைத்துக் காவல் இருப்பது இதைவிட நல்லது. ஆனால் பத்துப் பேர் கரையில் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனவே ஒரு நேரத்தில் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு, கையில் போன் இல்லாமல். இருபது நிமிடத்தில் ஆள் மாற வேண்டும். பிறந்தநாள் விழாவுக்கு இது சரிவரும். கோடை விடுமுறை முழுக்க இந்த ஒழுங்கு நிலைக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

என் பரிந்துரை: கூட்டம் வரும் காலை, மாலை சில மணி நேரம் மட்டும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்; மற்ற நேரம் பூட்டு. செலவு வெகுவாகக் குறையும். நீச்சல் கோச்சையே அந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வகுப்பு எடுப்பவரின் கண் மாணவர்மேல்தான் இருக்கும்.

பூட்டு பலன் தர வேலி வேண்டும். நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயரம், தானாக மூடிக்கொள்ளும் கதவு, குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள். பிரான்ஸ் 2003இல் இயற்றிய சட்டம் தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, கூரையடைப்பு இவற்றில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. எனக்கு இவற்றில் வேலிமேல்தான் நம்பிக்கை. யாரும் அலாரத்தை அணைப்பதுபோல் வேலியை அணைத்துவிட முடியாது.

அடியிலுள்ள வடிகால் மூடியைப் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002இல் வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். பாதுகாப்பான மூடிகளைக் கட்டாயமாக்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் அவள் பெயரைத் தாங்கியிருக்கிறது. மூடி உடைந்திருந்தால் குளத்தைத் திறக்காதீர்கள். மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச் குளக்கரையிலேயே இருக்கட்டும்.

மிதவை வளையமும் நீண்ட கழியும் கரையில் தொங்க வேண்டும். வளாகத்தில் சிலராவது முதலுதவி கற்றிருக்க வேண்டும்: மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழி மூச்சும் தர வேண்டும், அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். நீர் கலங்கி அடித்தளம் தெரியாத நாளில் யார் வந்து கேட்டாலும் சாவி தரக் கூடாது என்று செக்யூரிட்டிக்கு அசோசியேஷனே கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்துவிடட்டும்.