வண்டிக்காரர் சோறு

பிரேசில் என்றதும் நம் நினைவுக்கு வருபவை காற்பந்தாட்டமும் காப்பியும்தான். அந்நாட்டு மக்களுக்குச் சோறும் அன்றாட உணவு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நாட்டின் தென்கோடியில், உருகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் எல்லையை ஒட்டி, ரியோ கிராண்டே டோ சுல் என்னும் மாநிலம் அமைந்துள்ளது. பிரேசிலில் விளையும் நெல்லில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இம்மாநிலத்தில்தான் விளைகிறது. இங்கு வீடுகளில் விரும்பிச் சமைக்கப்படும் ஓர் உணவின் பெயர் 'அர்ரோஸ் டி கர்ரெட்டெய்ரோ'. போர்த்துகீசிய மொழியில் 'அர்ரோஸ்' என்றால் அரிசி. 'கர்ரெட்டெய்ரோ' என்றால் மாட்டுவண்டி ஓட்டுபவர். எனவே நாம் இதை வண்டிக்காரர் சோறு எனலாம். ('அர்ரோஸ்' அரபி வழியாக வந்த சொல். அதன் வேரை நம் 'அரிசி'யோடு இணைத்துப் பேசும் மொழியறிஞர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. வேதியியல் மாணவனாகிய நான் அந்த வழக்கில் தலையிடப் போவதில்லை.)

உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியையும் அரிசியையும் ஒரே இரும்புப் பானையில் சமைப்பதே இவ்வுணவு. மாட்டிறைச்சி உண்ணாத நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஓர் உணவைப் பற்றிப் படிப்பதற்கு அதை உண்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நானும் இதை உண்டதில்லை. நூல்களில் படித்ததையும் வகுப்பில் கற்றதையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, இந்தச் சோற்றின் கதை முழுவதும் உப்பின் கதையாகவே எனக்குத் தோன்றிற்று.

இருப்புப்பாதை வருவதற்கு முன் அம்மாநிலத்தின் புல்வெளிகளில் சரக்குகள் எருது பூட்டிய வண்டிகளில் சென்றன. பாரம் மிகுந்த வண்டிக்குப் பல இணை எருதுகள் தேவைப்பட்டன. பயணம் நாட்கணக்கில் நீளும். பச்சை இறைச்சி அதுவரை தாங்காது. காய்ந்த இறைச்சியும் காய்ந்த அரிசியும் தாங்கும். மாலையில் எருதுகளை அவிழ்த்து விட்டு, தீ மூட்டி, ஒரு பானையை ஏற்றினால் உணவு முடிந்தது. வேறு கறி, குழம்பு எதுவும் கிடையாது.

உப்பு செய்யும் வேலை

அந்த இறைச்சிக்கு 'ஷார்க்கி' என்று பெயர். தென் அமெரிக்க மலைநாட்டுப் பழங்குடி மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' என வழங்குவதும் இதுவே. மாட்டிறைச்சியை அகன்ற தகடுகளாக அரிவர். அத்தகடு ஒவ்வொன்றையும் 'போர்வை' என்ற பொருள்படும் சொல்லால் அழைப்பர். போர்வைகளுக்கிடையே உப்பைக் கொட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். பாரம் அழுத்த அழுத்த நீர் வடியும். அடுக்கைக் கலைத்து, மேலிருந்தது கீழாக மீண்டும் அடுக்குவர். பிறகு கழிகளில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துவர். இதில் புகையூட்டுவது கிடையாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் சவ்வூடு பரவல் பற்றி ஆசிரியர் நடத்தியபோது என் கண்முன் நின்றது எங்கள் அப்பத்தா போடும் உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை நீளத் துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் தடவிச் சட்டியில் வைத்திருந்து, பிறகு நூலில் கோத்துக் காயப்போடுவார். உப்புத் தடவிய மறுநாள் சட்டியில் நீர் கட்டி நிற்கும். "கறி அழுதிருக்கு பாரு" என்பார். அந்த அழுகைதான் கரும்பலகையில் அம்புக்குறியாக வந்தது! வீட்டுக்குப் போய் விளக்கினேன். "இதுக்காடா பீசு கட்டுறோம்?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் அப்பத்தாவும் அறியாத ஒன்று உண்டு. உலர்ந்த இறைச்சி கெடாததற்குக் காரணம் அதில் நீரே இல்லாமைதான் என்று நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மை அன்று. ஷார்க்கியில் எடையில் ஏறத்தாழ பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நீராகவே இருக்கும். அந்த நீர் கிருமிகளுக்குப் பயன்படாது என்பதே செய்தி. தூய நீரின் 'நீர்ச் செயல்திறன்' 1 என்று கொண்டால், உப்பு இதற்குமேல் கரையாது என்னும் அளவுக்குத் தெவிட்டிய உப்புநீரில் அது சுமார் 0.75 ஆகக் குறைந்து விடுகிறது. (அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் 36 கிராம் அளவுக்கே சோற்றுப்பு கரையும்.) இறைச்சியை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91க்குக் கீழே பெருகமாட்டா. கடல் நடுவே இருப்பவனுக்குக் குடிக்க நீரில்லாதது போன்ற நிலைதான் கிருமிக்கும். எல்லாக் கிருமிகளும் இதற்கு அடங்கிவிடுவதில்லை. உப்பையே விரும்பி வாழும் சில நுண்ணுயிர்கள் உப்பளத்து உப்போடு வந்து இறைச்சியின்மேல் செந்நிறமாகப் படர்வதுண்டு. அத்தொழில் செய்வோர் இதற்குப் பெரிதும் அஞ்சுவர்.

உப்பிட்ட கைகள்

இவ்வளவு இறைச்சிக்கு உப்பிட்டவர்கள் யார்? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

1780ஆம் ஆண்டில் ஜோசே பிண்டோ மார்ட்டின்ஸ் என்னும் போர்த்துகீசியர் பெலோட்டாஸ் என்னும் இடத்தில் ஓடைக்கரையில் உப்பிறைச்சிச் சாலை ஒன்றை நிறுவினார் என்பர். அவர் அதற்குமுன் வடகிழக்கே சியாரா பகுதியில் இருந்தவர். 1777இல் தொடங்கிய வறட்சியில் அங்கே கால்நடைகள் மாண்டன. பெலோட்டாஸ் பகுதியிலோ புல்வெளி நிறைய மாடுகள். நீர்வழியே கடல் துறைமுகம் வரை போகலாம். உப்பு வரலாம், இறைச்சி போகலாம். ஒன்றைப் பார்த்து ஒன்றாகச் சாலைகள் பெருகின.

அவற்றில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழிவந்தோரும் ஆவர். வெட்டுவது, தோலுரிப்பது, அரிவது, உப்பிடுவது, அடுக்குவது அனைத்தும் அவர்கள் கைகளே. வெயில் மிகுந்த மாதங்களே தொழில் மும்முரமாக நடக்கும் காலம். கையில் சிறு கீறல் இருக்கும்போது உப்புப் பட்டால் எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியும். ஒரு பருவம் முழுவதும் கத்தியோடும் உப்போடும் நின்றவர்களின் கைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் செய்த இறைச்சியின் பெரும்பகுதி கப்பலேறி, வடக்கே கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்த அடிமைகளுக்கு உணவாகச் சென்றது. கியூபா தீவுக்கும் சென்றது. ஓர் அடிமை உப்பிட்டதை இன்னோர் அடிமை உண்டான். இடையில் நின்றவர்கள் மாளிகை கட்டினார்கள். திரும்பி வந்த கப்பல்கள் சர்க்கரை கொண்டு வந்தன. அதனால்தான் பெலோட்டாஸ் நகரம் இன்று இனிப்புப் பண்டங்களுக்குப் பெயர் பெற்றுள்ளது. அவ்வினிப்பு மரபை 2018இல் பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றது.

இந்த இறைச்சிக்காகப் போரும் மூண்டது. உருகுவே, அர்ஜென்டினாப் பக்கத்து உப்பிறைச்சி மலிவாக வந்து குவிகிறது, எங்கள் சரக்குக்கோ வரிச்சுமை என்பது தென்மாநிலச் செல்வர்களின் முறையீடு. அதுவும் ஒரு காரணமாக 1835இல் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். விடுதலை தருவதாக வாக்களித்து அடிமைகளை ஈட்டி வீரர்களாகச் சேர்த்தனர். 1844 நவம்பரில் போரோங்கோஸ் என்னுமிடத்தில் அவ்வீரர்களில் பலர் கொல்லப்பட்டனர். 1845இல் செல்வர்கள் சமாதானம் செய்துகொண்டனர். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல். பின்னர்க் குளிர்பதன இறைச்சித் தொழிற்சாலைகள் வரவே, பழைய உப்பிறைச்சிச் சாலைகள் மங்கிப் போயின. வண்டி ஓட்டியவரின் பெயர் சோற்றுக்கு நிலைத்துவிட்டது. உப்பிட்டவரின் பெயரால் எந்தச் சோறும் இல்லை.

அடுப்பங்கரையில்

இனி அந்நாட்டு வீடுகளில் இது சமைக்கப்படும் முறையைக் காண்போம். நால்வருக்கு அரைக் கிலோ ஷார்க்கி, இரண்டு கோப்பை அரிசி, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், பன்றிக்கொழுப்பு அல்லது எண்ணெய் இரண்டு மூன்று கரண்டி போதும்.

முதல் வேலை, ஏற்றிய உப்பை இறக்குவது. இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மூன்று நான்கு முறை நீரை மாற்றுவர். வெட்டியபின் ஊறவைப்பது ஏன்? துண்டு சிறிதானால் நீர் படும் பரப்பு மிகும். நீரை மாற்றுவது ஏன்? உள்ளேயும் வெளியேயும் உப்பின் செறிவு சமமாகிவிட்டால், பானை நிறைய நீர் இருந்தாலும் உப்பு மேலும் இறங்காது. அவசரக்காரர்கள் கொதிக்கவைத்து நீரைக் கொட்டுவதை இருமுறை செய்வர். ஒரு துண்டை வேகவைத்து மென்று பார்ப்பதே சரியான சோதனை. உப்பு கரித்தால் இன்னும் ஊறட்டும். அறவே சப்பென்று ஆகிவிட்டாலோ சோறும் சப்பென்றுதான் இருக்கும்.

துண்டுகளை நன்கு பிழிந்து, காய்ந்த கொழுப்பில் இட்டுப் பொறுமையாக வறுப்பர். ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி வேகுமே தவிரச் சிவக்காது. ஈரம் போனபின்தான் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறமும் மணமும் எழும். 1912இல் மையார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் விளக்கிய வினை அது. பானையின் அடியில் பழுப்பாக ஒட்டுவதைத் தீய்ந்தது என்று எண்ணிச் சுரண்டி எறிந்துவிடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் போட்டால், அவை விடும் நீரில் அது கரைந்து எழும். சுவையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

பின்னர்க் கழுவி வடித்த அரிசியைப் போட்டு ஓரிரு நிமிடம் கிளறி, நான்கு கோப்பைக்குச் சற்று மிகுதியாகக் கொதிநீர் ஊற்றி, தணலைக் குறைத்து மூடுவர். இந்த இடத்தில் கைப்பழக்கத்தில் உப்பள்ளிப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். இறைச்சியில் எஞ்சிய உப்பே அரிசிக்குப் போதும். நீர் முழுவதும் வற்றும் முன்பே இறக்கி, நறுக்கிய வெங்காயத் தாளையும் பார்ஸ்லி என்னும் கீரையையும் தூவிச் சற்று நேரம் மூடி வைப்பர்.

இன்று பலர் ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் வாட்டிய இறைச்சியில் மிஞ்சியதை நறுக்கிப் போட்டுத் திங்கட்கிழமை இச்சோற்றைச் சமைக்கின்றனர். அதற்கும் இதே பெயர்தான். ஊறவைப்பது, நீர் மாற்றுவது, மென்று பார்ப்பது எதுவும் இல்லாத அது, எனக்கென்னவோ வேறொரு சோறாகவே படுகிறது. பழைய முறையில் சமைத்தது பிரியாணி போல உதிரியாக இராது. சற்றுக் குழைந்து, கரண்டியில் ஒட்டும் ஈரத்தோடு, பானையிலிருந்து நேரே தட்டுக்கு வரும்.