பழக்காத நாயை முயல் வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: டாக்டர், திருவண்ணாமலை வேங்கிக்காலில் குடியிருக்கிறோம். எங்கள் சிப்பிப்பாறை நாய் வீராவுக்கு ஒன்றே கால் வயது. குட்டியிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன், எந்தப் பயிற்சியும் கொடுத்ததில்லை. செங்கம் பக்கத்தில் இருக்கும் என் மச்சான், காணும் பொங்கலன்று பையன்களோடு நாய்களைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போவார். "வேட்டை நாயைக் கட்டிப்போட்டு வைப்பது பாவம், அனுப்பு, மற்ற நாய்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும்" என்கிறார். அவிழ்த்து விட்டால் அவன் கூப்பிட்டாலும் வருவதில்லை. ஆனால் கட்டிப்போட்டால் ஏங்குகிறான். கூட்டிப் போகலாமா?

பதில்: கூட்டிப் போகாதீர்கள். பத்து வருடம் பழக்கிய நாயாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

முயல் சின்னப் பிராணி, மானுக்குத்தான் கேஸ் வரும் என்று நம் மாவட்டத்தில் இன்னும் பலர் நம்புகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டு முயலும் புள்ளிமானும் ஒரே பட்டியலில், இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடும்பு முதல் பட்டியலில் இருக்கிறது. முயலுக்குப் போன நாய் வழியில் ஓர் உடும்பைக் கவ்விவிட்டால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை போகும். "நாய்தான் பிடித்தது, நான் தொடவே இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. பிடிப்பது, கொல்வது, அதற்காக விரட்டுவது, முயன்று பார்ப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். சொந்தப் பட்டா நிலத்தில் நடந்தாலும் மாற்றமில்லை. போன வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். பிடித்த முயலோடு படம் எடுத்துப் பரப்பியவர்கள் மீது அந்தப் படத்தை வைத்தே வழக்குப் போட்டதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. பையன்கள் கையில் போன் இல்லாமலா போகப்போகிறார்கள்?

சட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் மச்சான் கேட்கமாட்டார். அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த நாய்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்புபவை. தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், கால் கிளம்பிவிடும், காது அடைத்துவிடும். ஆகவே துரத்துவதற்கு வீராவை யாரும் பழக்க வேண்டியதில்லை, அது அவன் உடம்பிலேயே இருக்கிறது. பழக்க வேண்டியது திரும்பி வருவதை. அதை மற்ற நாய்களைப் பார்த்து எந்த நாயும் கற்றதில்லை. கூட்டத்தோடு ஒரே ஒரு முறை ஓடிப் பார்த்துவிட்டால், அந்த ருசி பிறகு போகவே போகாது. அதற்கப்புறம் உங்கள் கூப்பிடுதலுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடும்.

நீங்கள் இருக்கும் ஊரை நினைத்தால் எனக்குப் பெரிய கவலை இதுதான். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதியில் மலைப் பக்கம் காப்புக்காடு. அங்கே இருக்கும் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீர் தேடிக் கீழே இறங்குகின்றன. நாய் விரட்டி ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுவதும், நாய்கள் கடித்துச் சாவதும் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. கடிபடாமல் தப்பிய மான்கூட ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகலாம். பயந்து அளவுக்கு மீறி ஓடும்போது தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுத்துவிடுகிறது. "சும்மா கொஞ்ச தூரம் துரத்திவிட்டு வந்துவிட்டான்" என்று நாயின் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, காட்டுக்குள் ஒரு மான் செத்துக்கொண்டிருக்கலாம். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் அருகருகே சமாதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் நாய் வளர்க்கிறவருக்கு மானின் மேலும் பொறுப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி வீராவின் உயிர். செங்கம் பக்கத்துக் கொல்லைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று உங்கள் மச்சானுக்கே தெரியும். முயல் கடைசி நொடியில் ஒதுங்கித் திரும்பும், வேகத்தில் வரும் நாயால் திரும்ப முடியாது. மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றிப் பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்திருப்பார்கள். சுருக்குக் கம்பி இருக்கும். அவுட்டுக்காய் கிடக்கும். இறைச்சியிலோ தீனியிலோ வெடிமருந்தைப் பொதிந்து வைப்பார்களே, அதை நாய் கடித்தால் தாடையே சிதறிவிடும். புதருக்குள் விரியன் இருக்கலாம், காட்டுப்பன்றி இருக்கலாம். வீட்டுத் தரையில் நடந்த பாதங்கள் முள்ளிலும் கல்லிலும் அரை மணி நேரம் தாங்காது. பழக்கமில்லாத உடம்பு வேகமாக ஓடிச் சூடேறினால், ஜனவரி மாதத்துப் பகலில்கூட வெப்பத்தாக்கு வரும். காய்ச்சல்மானியில் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலே ஆபத்து, 106-ஐ எட்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். தடுப்பூசி போடாத நாய்களோடு கூட்டமாகச் சுற்றினால் ரேபிஸும் டிஸ்டெம்பரும் தொற்றலாம். டிஸ்டெம்பர் நாயோடு நிற்காது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்ததற்குக் காரணமாக இருந்த கிருமிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் அவன் ஏங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடப் பிறந்த நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் வைப்பது கொடுமைதான். அவனுக்குத் தேவை ஓட்டம், அதற்கு ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை.

பொழுது விடிவதற்கு முன்னால், மதில் அல்லது வேலி உள்ள தோப்புக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு கூட்டிப் போங்கள். கிணறு இருக்கிறதா என்று முதலில் நீங்கள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கழுத்துப்பட்டை வேண்டாம், மெல்லிய கழுத்து அடிபடும். மார்போடு அணைக்கும் பட்டையில் பத்து மீட்டர் பருத்திக் கயிறு கட்டுங்கள். வீரா என்று கூப்பிட்டு, திரும்பிப் பார்த்த உடனே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த நாயை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். திட்டினால், வந்ததற்குத்தான் தண்டனை என்று அவன் புரிந்துகொள்வான். கயிறில்லாமல் விடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சில சிப்பிப்பாறைகளைத் திறந்தவெளியில் கடைசிவரை விடவே முடியாது, அதற்காக மனம் தளர வேண்டாம். துரத்தும் ஆசைக்கு, பழந்துணியை முடிச்சாகக் கட்டி நீளக் கயிற்றில் தரையோடு இழுத்து ஓடுங்கள். இரண்டு மூன்று ஓட்டம், கடைசியில் அவன் பிடித்து உதறட்டும். பிடிக்கவே விடாமல் ஏமாற்றினால் சலித்துவிடுவான்.

சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள இந்த வகை நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். விலா எலும்பு தெரிகிறதே என்று தீனியை ஏற்றவும் வேண்டாம், அது அவன் உடல்வாகு. கருத்தடை செய்யப் போனால் சிப்பிப்பாறை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சில மயக்க மருந்துகளின் மயக்கம் இவற்றுக்குத் தெளிய நேரமாகும்.

மச்சானிடம் வெறுமனே "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று சொல்லாமல், கிணற்றையும் கம்பியையும் சொல்லுங்கள். தன் நாய்களுக்கும் அதே கதிதான் என்பதை அவரும் யோசிப்பார். காணும் பொங்கலன்று வீராவைக் கூட்டிக்கொண்டு செங்கத்துக்குப் போகவே செய்யாதீர்கள், அங்கே போய் மறுப்பது கஷ்டம். கந்தாசிரமத்துக்கு ஏறும் வழிக்கு எந்த நாளும் அவனைக் கூட்டிப் போக வேண்டாம், அது காட்டு வழி. கிரிவலப் பாதையில் நடத்தினால் கயிறு கையிலேயே இருக்கட்டும், விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போதும்தான். அங்கே அடிபட்ட மானைப் பார்த்தால் வீராவைத் தூரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மானின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.